பெரியவர்கள் தனியாக வெளியே போய்வர: சென்னைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வயதானவர்கள் வீட்டுக்குள் முடங்குவதற்கு முழங்கால் வலிதான் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறோம். பல வீடுகளில் முதலில் போவது முழங்கால் இல்லை, வேலை. ஆப்பில் ஆர்டர் போட்டால் விடிவதற்குள் பால் வாசலில் தொங்குகிறது. காய்கறி பத்து நிமிடத்தில் வருகிறது. கரண்ட் பில்லை மகன் ஆபீஸில் இருந்தபடியே கட்டிவிடுகிறான். ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்றுக்குக்கூட இப்போது போன் கேமராவில் முகத்தைக் காட்டினால் போதும். ‘அப்பாவுக்கு எதற்கு அலைச்சல்’ என்ற நல்ல எண்ணத்தில்தான் எல்லாம் நடக்கிறது. ஆனால் செருப்பை மாட்டிக்கொள்ள ஒரு காரணமும் மிச்சமில்லாமல் போகிறது. சில மாதம் சும்மா இருந்த கால் பலம் இழக்கிறது. முழங்கால் வலி அப்புறம் வந்து சேர்கிறது.

அதனால் இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்: பெரியவர் கையில் இருக்கும் வெளிவேலையைப் பிடுங்காதீர்கள், அந்த வேலைக்குப் போகிற வழியைச் சரிசெய்து கொடுங்கள். ‘வாக்கிங் போங்க’ என்று டாக்டர் சொன்னால் நாலு நாள் போவார்கள். கொத்தமல்லி வாங்கப் போகிறவரோ வருடக்கணக்கில் போய்க்கொண்டே இருப்பார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். ஆகவே இது ஏதோ சில வீடுகளின் விஷயம் இல்லை. நான் குடியிருக்கும் மேற்கு மாம்பலம், தி.நகர்ப் பக்கத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். மதுரைக்காரர்களும் கோவைக்காரர்களும் பஸ் டோக்கன் பகுதியை விட்டுவிட்டு மற்றதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: போகிற இடங்களை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு அம்மாவோடோ அப்பாவோடோ உட்காருங்கள். ‘எங்கேம்மா போகணும்?’ என்று கேட்காதீர்கள். ‘எனக்கென்னப்பா, எங்கேயும் போக வேண்டாம்’ என்றுதான் பதில் வரும். ‘போன வருஷம் வரைக்கும் போய்க்கிட்டு இருந்து, இப்போ போகாத இடம் எது?’ என்று கேளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேளுங்கள்.

காரணங்கள் ஆச்சரியமாக இருக்கும். கோயில் படியில் கைப்பிடி இல்லை. அந்தத் தெருவில் நாய் துரத்துகிறது. வழியில் எங்கேயும் பாத்ரூம் இல்லை. கூட வருகிற சிநேகிதி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். காது சரியாகக் கேட்கவில்லை, கடைக்காரர் இரண்டாம் தடவை சொல்லும்போது கத்துகிறார், அவமானமாக இருக்கிறது. இதில் எதுவுமே முதுமை என்ற ஒற்றைச் சொல்லில் அடங்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு தீர்வு உண்டு.

பட்டியலில் பால் பூத், பூக்காரம்மா, இஸ்திரி வண்டி, மருந்துக்கடை, வங்கி, கோயில், நூலகம், பூங்கா, தையற்காரர் எல்லாம் வரட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘இவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் அங்கே யாராவது கவனிப்பார்களா?’ என் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்து மறுபடி தெருவுக்குப் போனபோது, முழம் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே பூக்காரம்மா கேட்டார்: “என்னம்மா, ஆளையே காணோம்? வெளியூர் போயிட்டீங்களோன்னு நினைச்சேன்.” இப்படிக் கேட்க ஆள் இருக்கும் இடங்களை வட்டமிடுங்கள். அம்மா அங்கே பூ வாங்குவதைவிட, அவர் வரவில்லை என்று தெரிந்துகொள்ள ஒருவர் இருப்பது முக்கியம். சூப்பர் மார்க்கெட் பில் கவுன்டரில் இது கிடைக்காது.

படி 2: வேலையைத் திருப்பிக் கொடுங்கள்

தினம் ஒரு வெளிவேலையாவது அவர் பெயரில் இருக்க வேண்டும். இதற்குச் சுலபமான வழி, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது. வாரத்துக்கு ஒருமுறை ஐந்து கிலோ காய் வாங்கினால் சுமை. தினமும் கால் கிலோ வெண்டைக்காயும் கறிவேப்பிலையும் என்றால் அது ஒரு நடை. தூக்குகிற எடை இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டால் ஒரு கை கம்பியைப் பிடிக்கவும், இன்னொரு கை தடியைப் பிடிக்கவும் சும்மா இருக்கும்.

வெண்டைக்காய் முத்தலாக வந்தால் வாயை மூடிக்கொண்டு சாம்பாரில் போடுங்கள். ‘கடைக்காரன் உங்களை ஏமாத்திட்டான்’ என்று ஒருமுறை சொன்னால் போதும், அடுத்த நாள் அவர் போக மாட்டார்.

பணம் இன்னொரு சிக்கல். தள்ளுவண்டியில்கூட இப்போது க்யூஆர் அட்டை தொங்குகிறது, சில்லறை கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். பத்து, இருபது ரூபாய் நோட்டாக மாற்றி மாதத்துக்கு ஒரு கட்டு கொடுத்துவிடுங்கள். யுபிஐ கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு, சிறிய தொகை மட்டும் இருக்கும் தனிக் கணக்கை அதில் இணைத்துக் கொடுங்கள். சேமிப்புக் கணக்கு வேறாக இருக்கட்டும்.

2025 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கு ரேஷன் பொருள் வீட்டுக்கே வருகிறது. படியிறங்க முடியாதவருக்கு இது பெரிய உதவி. நடக்க முடிகிறவருக்கு என் யோசனை வேறு: அரிசி மூட்டை வீட்டுக்கு வரட்டும், ரேஷன் கடை வரிசையில் கிடைத்த பேச்சுக்கு ஈடாக வேறொரு இடத்தைத் தேடிக்கொடுங்கள்.

படி 3: அந்த வழியில் நீங்களும் நடந்து பாருங்கள்

அவர் வழக்கமாகப் போகிற நேரத்தில், அவர் வேகத்தில், ஓரடி பின்னால் போங்கள். முன்னால் போனால் உங்களைப் பார்த்து வேகத்தைக் கூட்டிவிடுவார், நீங்கள் பார்க்க வேண்டியது எதுவும் கண்ணில் படாது.

முதலில் நடைபாதை. இந்தியச் சாலைப் பேரவையின் 2012 நெறிமுறைப்படி தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும், விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் தெருவில் என்ன இருக்கிறது? மின்பகிர்வுப் பெட்டி, நிறுத்திவைத்த பைக், ஆடுகிற மழைநீர்க் கால்வாய் மூடி, ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு சரிவு. ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போவதைவிடச் சாலை ஓரமே மேல் என்று பெரியவர்கள் இறங்கி நடப்பது அறியாமையால் இல்லை. அது அவர்கள் கால் போட்ட கணக்கு. நடைபாதையில் போகச் சொல்லி அதட்டுவதற்குப் பதிலாக வேறு வழி தேடுங்கள். ஆரிய கவுடா சாலை மாதிரி நெரிசலான சாலைக்குப் பின்னால் இணையாக ஓடும் குடியிருப்புத் தெரு ஒன்று பெரும்பாலும் இருக்கும். நூறு மீட்டர் கூடுதலானாலும் மரநிழலும் வண்டிக் குறைவும் உண்டு.

அடுத்தது, உட்காரும் இடம். ஐந்து நிமிட நடைக்கு ஒன்று இருந்தால் எழுபத்தைந்து வயதுக்காரரும் துணிந்து கிளம்புவார். பெஞ்ச் தேடாதீர்கள், பல தெருக்களில் கிடையாது. மருந்துக்கடையில் ஒரு ஸ்டூல், கோயில் மண்டபத் திண்ணை, பேருந்து நிழற்குடை, டைலர் கடை வாசற்படி இவைதான் நம் ஊர்ப் பெஞ்சுகள். கடைக்காரரிடம் நீங்களே போய், “எங்கப்பா இந்தப் பக்கம் வரும்போது ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போகட்டுமா?” என்று கேட்டு வையுங்கள். மறுத்த கடைக்காரரை நான் இதுவரை பார்க்கவில்லை.

மூன்றாவது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம், சிறுநீர். வீட்டை விட்டுக் கிளம்பாததற்கு இதுவே காரணமாக இருக்கும் பெரியவர்கள், முக்கியமாகப் பெண்கள், நிறையப் பேர். வெளியே போவதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள்; அது தலைசுற்றலில் போய் முடியும். வழியில் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை எது என்று நீங்களே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வழுக்குகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, மேற்கத்திய வகையா என்று பாருங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவரானால், அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். நேரத்தை மாற்றினாலே சிலருக்குக் காலைப் பொழுது மீண்டும் கிடைத்துவிடும்.

நாய், இருட்டு, வெயில் மூன்றுக்கும் நேரம்தான் மருந்து. கோடையில் எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், அல்லது ஐந்துக்கு மேல் கிளம்ப வேண்டும். மழை விட்ட மறுநாள் பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியாது. அன்றைக்கு மட்டும் ஆப்பில் ஆர்டர் போட்டுக்கொள்ளலாம், குற்றமில்லை.

வெறும் நடைக்காக, கடைக்காக இல்லாமல், கூட்டிப்போக வேண்டுமானால் பாண்டி பஜார் நல்ல இடம். 2019 நவம்பரில் திறந்த அகலமான நடைபாதை, உட்கார இருக்கைகளோடு இருக்கிறது. மயிலாப்பூர்க்காரர்களுக்கு லஸ் நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கவே இருக்கிறது.

படி 4: உடம்பையும் கையில் இருப்பதையும் சரிபாருங்கள்

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொண்டு டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். அதற்காக வெளியே போவதை நிறுத்திவிட வேண்டாம்.

கைத்தடியைப் பெரும்பாலானவர்கள் தவறான உயரத்தில் வைத்திருக்கிறார்கள். செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, தடியின் பிடி அங்கே இருக்க வேண்டும். வலி இருக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிறையப் பேர் வலிக்கிற பக்கமே ஊன்றுவார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். நுனி ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் மாற்றிவிடுங்கள்.

தடி பிடிக்க வெட்கப்படுகிறவர்கள் குடையை ஊன்றி நடப்பார்கள். கௌரவமாகத்தான் இருக்கும். ஆனால் சாதாரணக் குடையின் கம்பி எடை தாங்காமல் வளையும், நுனி டைல்ஸில் வழுக்கும். ஊன்றுவதற்கென்றே செய்த தடிக்குடை கிடைக்கிறது. வாங்கிக் கொடுத்தால் வெட்கமும் போகும், வெயிலும் போகும்.

வார் போட்ட செருப்பு வேண்டும். ஹவாய் செருப்பு வீட்டோடு இருக்கட்டும். வேட்டியும் புடவையும் கணுக்காலுக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கட்டும். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பவர் உள்ள கண்ணாடியில் குனிந்து பார்த்தால் படி மங்கலாகத் தெரியும், ஆகவே வெளியே நிறைய நடக்கிறவருக்குத் தூரப்பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி போடலாமா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்தவுடன் தலை சுற்றலாம். ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகு எழ வேண்டும். கேட்கும் கருவியை அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறவர் ஹாரனையும் இழக்கிறார், பேச்சையும் இழக்கிறார்.

படி 5: சாலையைக் கடக்கும் கணக்கு

சிக்னலில் பாதசாரிகளுக்கு நேரம் ஒதுக்கும்போது வினாடிக்கு 1.2 மீட்டர் வேகம் என்று கணக்கு வைப்பது வழக்கம். 15 மீட்டர் அகலச் சாலை என்றால் 12 அல்லது 13 வினாடி. வயதான பலருக்கு வேகம் 0.8 மீட்டர்தான் வரும், அவர்களுக்கு 19 வினாடி ஆகும். நடுவில் மாட்டிக்கொள்வது அவர்கள் தப்பு இல்லை. சிங்கப்பூரில் 2009 முதல் மூத்த குடிமக்கள் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் வைத்தால் பச்சை விளக்கு சில வினாடி கூடுதலாக எரியும் வசதியைக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் அது வரும்வரை பழக்கத்தால்தான் சமாளிக்க வேண்டும்.

ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் பச்சையை நம்பி இறங்கக் கூடாது. சிவப்பாகி, மறுபடி பச்சை வரும் வரை நின்று, வந்த அந்த நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். நடுத்திட்டு இருக்கும் சாலையை இரண்டு தனிச் சாலைகளாக நினைத்து, திட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபாதியைக் கடக்கலாம். ஒருவழிச் சாலையிலும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று சென்னைக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மின்சார ஸ்கூட்டர் சத்தமில்லாமல் வரும் என்பது புது விஷயம். காதை நம்பிக் கடந்து பழகியவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

படி 6: பஸ், ரயில், ஆட்டோ

சென்னையில் வசிக்கும் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம் மாதத்துக்கு 10 இலவசப் பயண டோக்கன் தருகிறது. ஒரு டோக்கனுக்கு ஒரு பயணம், ஏசி பஸ் தவிர மற்றவற்றில் செல்லும். ஆறு மாதத்துக்கானதை மொத்தமாகத் தருவார்கள். வழக்கமாக ஜூன் மாதக் கடைசியிலும் டிசம்பர் மாதக் கடைசியிலும் விநியோகம் தொடங்கும், குறிப்பிட்ட பணிமனைகளிலும் பேருந்து நிலையங்களிலும் கொடுப்பார்கள். முதல்முறை போகும்போது குடும்ப அட்டை நகல், வயதுச் சான்று, இரண்டு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் எடுத்துப் போக வேண்டும்.

பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் டிக்கெட்டே வேண்டாம். முன்னாலும் பின்னாலும் பிங்க் வண்ணம் அடித்தவை அவை. எனவே பாட்டிமார்கள் டோக்கனை டீலக்ஸ் பஸ்ஸுக்கு மிச்சம் பிடித்து வைக்கலாம். வீட்டில் தாத்தா, பாட்டி இருவருக்கும் டோக்கன் இருந்தால் அவரவர் அட்டை, அவரவர் பர்ஸ். கலந்துவிட்டால் கண்டக்டரிடம் நின்று விளக்க வேண்டிவரும்.

பழைய பஸ்ஸில் ஏறுவதுதான் பெரிய மலை. அந்த முதல் படிக்கட்டு முழங்கால் உயரத்தில் இருக்கும். 2024 முதல் தாழ்தளப் பேருந்துகளும், 2025 ஜூன் முதல் தாழ்தள மின்சாரப் பேருந்துகளும் வந்திருக்கின்றன. நிறுத்தத்தில் ஒரு பக்கமாகத் தாழும் வசதியும் இவற்றில் உண்டு. உங்கள் தடத்தில் எந்த நேரத்துக்கு இந்த வண்டி வருகிறது என்று ஒரு வாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தாலும் அதில் போவதே நல்லது. ஏறியதும் சக்கரத்துக்கு மேலே இருக்கும் உயரமான சீட்டை விட்டுவிட்டு வாசலுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

காலை எட்டரை முதல் பத்தரை, மாலை ஐந்து முதல் எட்டு வேண்டவே வேண்டாம். முடிந்தால் கிளம்பும் நிலையத்திலேயே ஏறுங்கள், சீட் நிச்சயம். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே எழுந்து கம்பியைப் பிடித்துத் தள்ளாடுவதுதான் ஆபத்து. “வண்டி நின்னதும் எழுந்திருக்கிறேன்பா, கொஞ்சம் பொறுத்து விசிலடி” என்று ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவிட்டால் பெரும்பாலும் கேட்பார்கள்.

மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறந்தார்கள். லிஃப்ட்டும் நகரும் படிக்கட்டும் உண்டு. ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபடாமல் தாண்ட எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கிடைத்த நல்ல வழி இது. மெட்ரோவில் போவதற்கு முன், இறங்கும் நிலையத்தில் எந்த வாசலில் லிஃப்ட் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்; சாலைக்கு எதிர்ப்பக்கம் ஏறிவிட்டால் மறுபடி கடக்க வேண்டும்.

ஆட்டோவுக்கு ஆப்பைவிடத் தெருமுனை ஸ்டாண்டே நல்லது என்பது என் கட்சி. முகம் தெரிந்த இரண்டு ஓட்டுநர்களின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். டயாலிசிஸ், பிசியோதெரபி மாதிரி வாராவாரம் போகிற வேலைக்கு ஒரே ஆளோடு மாதக் கணக்குப் பேசிக்கொள்ளலாம். வீட்டு வாசலில் கைகொடுத்து இறக்கிவிடுவது ஆப்பில் புக் ஆகாது.

பேரன் ஸ்கூட்டரில் பாட்டி ஒருக்களித்து உட்கார்ந்து போவது பார்க்க அழகு. வேகத்தடையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான். வேண்டாம்.

படி 7: ஆட்களைச் சேர்த்துக் கொடுங்கள்

ஒரே இடம், ஒரே நேரம், அதே முகங்கள் இருந்தால் நட்பு தானாக வரும். ‘நேரம் கிடைக்கும்போது போய்ட்டு வாங்க’ என்றால் வராது. வெங்கட்நாராயணா சாலை நடேசன் பூங்காவுக்கு ஒருவர் தினம் ஆறே காலுக்குப் போனால் கொஞ்ச நாளில் அவருக்கென்று பெஞ்சில் இடம் விட்டு உட்காருவார்கள். ஒரு நாள் ஏழுக்கும் மறுநாள் ஐந்தரைக்கும் போகிறவருக்கு எப்போதும் அந்நியர்கள்தான்.

பூங்காப் பெஞ்சு பெரும்பாலும் ஆண்களின் ராஜ்யம். அரசியலும் பென்ஷனும் சர்க்கரை அளவும் பேசித் தீராது. பெண்களுக்குக் கோயில் பிரகாரம், லலிதா சகஸ்ரநாமக் குழு, திருப்புகழ் வகுப்பு, தேவாலயத்தின் மாதர் கூட்டம் இவைதான் வாசல். பக்தியில் ஈடுபாடு இல்லாத பெண்மணிக்கு இடம் கிடைப்பது கஷ்டம். அவருக்குக் கிளை நூலகம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழோ கணக்கோ சொல்லிக் கொடுப்பது, மாடித் தோட்டம் என்று தேட வேண்டும். மனைவியை இழந்த ஆண்கள் இன்னும் மோசம். உறவினருக்குப் போன் போடுவது, கல்யாண வீட்டுக்குப் போவது எல்லாம் மனைவி வழியாகவே நடந்திருக்கும். அவர் போனதும் அத்தனை கதவும் ஒரே நாளில் சாத்திக்கொள்ளும். பத்திரிகை படிக்க வரும் யாராவது ஒருவரோடு காலைக் காபியைப் பொதுவாக்குவதில் தொடங்குங்கள்.

மார்கழியில் சபாக்களில் பகல் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. கேன்டீனும் உண்டு. இதைவிட நல்ல கூட்டம் எங்கே கிடைக்கும்?

எல்லாவற்றிலும் கஷ்டமான நிலை, சொந்த ஊரை விட்டுப் பிள்ளையின் அடுக்ககத்துக்கு வந்துவிட்ட பெற்றோருடையது. கும்பகோணத்தில் வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் தெருவே வந்து பேசும். ஓஎம்ஆரில் பதினோராவது மாடியில் கதவைத் திறந்தால் எதிரே இன்னொரு மூடிய கதவு. அவருக்கு ஊர்ப்பெயர், வேலை, அடையாளம் எல்லாம் போய் ‘1104 அங்கிள்’ என்று ஆகிவிடுகிறது. அங்கே உங்கள் வேலை கொஞ்சம் கல்யாணத் தரகர் வேலை மாதிரி. அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில், “எங்கப்பா தஞ்சாவூர்ப் பக்கம், ரயில்வேயில் இருந்தவர், செஸ் ஆடுவார், அவர் வயதில் யாராவது இருக்கிறார்களா?” என்று கூச்சப்படாமல் போடுங்கள். ஒரே மாவட்டத்துக்காரர் ஒருவர் எப்படியும் அகப்படுவார். முதல் இரண்டு சந்திப்புக்கு நீங்களும் கூடப் போங்கள், மூன்றாவதற்கு ஒதுங்கிவிடுங்கள். காவலாளி, தோட்டக்காரர், இஸ்திரி போடுகிறவர் மூவருக்கும் அப்பாவைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்யுங்கள். அவருக்கு ஒரு பொறுப்பும் இருக்கட்டும்: பொங்கல் விழாக் கணக்கு, நூலக அலமாரி, செடிகளுக்குத் தண்ணீர். பொறுப்பு இருப்பவரைத் தேடி ஆள் வரும்.

வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஊருக்கு அனுப்பி வையுங்கள். பழைய உறவை அறுத்துப் புது உறவை ஒட்ட முடியாது.

படி 8: போனை அளவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்

வாட்ஸ்அப்பில் டைப் செய்யச் சொல்லாதீர்கள், குரல் பதிவு அனுப்பக் கற்றுக் கொடுங்கள். ‘நாளைக்குப் பூங்காவுக்கு வர்றியா’ என்று கேட்க அது போதும். போனில் சேமிக்க வேண்டிய எண்கள்: மூத்த குடிமக்கள் உதவிக்கு 14567, அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, மனச்சோர்வுக்கு 14416.

1930 எண்ணும் வேண்டும், அது இணைய மோசடிக்கு. போலீஸ் சீருடையில் வீடியோ அழைப்பில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுகிற கும்பல், பகலில் தனியாக இருக்கும் பெரியவர்களைத்தான் குறிவைக்கிறது. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை. இதையும் ஒரு சீட்டில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

படி 9: தெருவைச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள்

சென்னை மாநகராட்சிப் புகார் எண் 1913. ‘நடைபாதை சரியில்லை’ என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. ‘இந்தத் தெரு, இந்தக் கதவு எண்ணுக்கு எதிரே கால்வாய் மூடி ஆடுகிறது’ என்று சொல்லிப் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வார்டு கவுன்சிலரின் பகுதி சபைக் கூட்டத்துக்குப் பெரியவரையே அழைத்துப் போய்ப் பேச வையுங்கள். கேட்பது சின்னதாக இருக்கட்டும்: ஒரு பெஞ்ச், ஒரு கைப்பிடி, ஒரு விளக்கு.

படி 10: நடை நின்றுபோன பிறகு

காய்ச்சலோ ஆபரேஷனோ வந்து சில வாரம் படுத்தவர் பழையபடி கிளம்ப மாட்டார், பயம் வந்திருக்கும். முதலில் கேட் வரை, பிறகு பக்கத்து வீடு வரை, பிறகு தெருமுனை ஸ்டூல் வரை என்று கூடவே போய் நீட்டுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வீட்டுக்கே வரவழைத்துக்கொள்ளலாம், தேவைப்பட்டால் பிசியோதெரபியும் உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் கடல் எட்டாததில்லை: விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மெரினா மணலில் 2022 நவம்பரில் போட்ட மரப்பாதை அலைக்குப் பக்கம் வரை போகிறது. வெளியே போகவே முடியாதவருக்கு, பழைய பெஞ்சுக் கூட்டாளிகளை வாரம் ஒரு குறிப்பிட்ட நாளில் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். காபியும் கேரம் போர்டும் உங்கள் பொறுப்பு.

மறதி நோய் தொடங்கியவரைப் பூட்டி வைப்பது பலர் செய்வது. ஆரம்பக் கட்டத்தில் அதே வழி, அதே நேரம், கூட ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டால் பழகிய நடை தொடரலாம். வழியிலிருக்கும் கடைக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லி உங்கள் எண்ணைக் கொடுங்கள். சட்டைப் பையிலும், புடவை என்றால் இடுப்புச் சுருக்குப் பையிலும், பெயரும் போன் எண்ணும் எழுதிய அட்டை இருக்கட்டும். அன்றன்றைக்கு என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறார் என்று காலையில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். காணவில்லை என்று தெரிந்தால் நேராக 112. 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.